வெயில் 40-ஐ தாண்டும்போது வீட்டில் விருந்து: அடுப்படியில் வேகாமல் சமைத்துப் பரிமாறுவது எப்படி?

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. டெல்லியில் ஓர் அடுக்குமாடி வீடு. பள்ளி விடுமுறைக்கு ஊரிலிருந்து உறவினர்கள் வந்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எட்டு பேர். பூரி, சென்னா, புலாவ், பாயசம், கூடவே பஜ்ஜி என்று திட்டம் போட்டாயிற்று. காலை 9 மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தவர் மதியம் 1 மணி வரை அங்கிருந்து நகரவில்லை. ஹாலில் ஏசி ஓடுகிறது, பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது. சமையலறையில் ஒருவர் மட்டும் நனைந்த துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூரி பொரிக்கிறார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, "எனக்குப் பசிக்கலை, தலை சுத்துது" என்று போய்ப் படுத்துவிடுகிறார்.

இந்தக் காட்சி பல வீடுகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் கோடை வெயில் கடுமையாகிவரும் நிலையில், "விருந்துன்னா அப்படித்தான்" என்று இதைத் தள்ளிவிட முடியாது. சமைப்பவரின் உடல்நலம், சாப்பிடுபவர்களின் வயிறு இரண்டுமே இதில் அடங்கியிருக்கின்றன.

சமையலறை ஏன் அவ்வளவு சூடாகிறது? மற்ற மாநிலத்தவர்கள் கோடையில் என்ன சாப்பிடுகிறார்கள்? குறைந்த நேரம் அடுப்பெரித்து எட்டு பேருக்கு எப்படி விருந்து வைப்பது? எந்த உணவு சீக்கிரம் கெடும்? விரிவாகப் பார்க்கலாம்.

வெப்ப அலை என்றால் என்ன?

சமவெளிப் பகுதியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அது இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் அதிகமாக இருந்தால், அதை வெப்ப அலை என்கிறது இந்திய வானிலை ஆய்வு மையம். இயல்பு எதுவாக இருந்தாலும் 45 டிகிரியைத் தொட்டாலே வெப்ப அலைதான். கடலோரப் பகுதிகளுக்கு இந்த எல்லை 37 டிகிரியிலிருந்தே தொடங்குகிறது.

ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. 1901 முதல் உள்ள பதிவுகளின்படி, இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024. வெயில் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அகமதாபாத் ஓர் உதாரணம். 2010 மே மாதத்தில் அங்கு வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதலாகப் பதிவாயின. அதைத் தொடர்ந்து 2013-ல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனிச் செயல்திட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவில் ஒரு நகரத்துக்கு அப்படி ஒரு திட்டம் வந்தது அதுவே முதல்முறை.

வெப்ப அலைக்கான தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அறிவுரைகளில் சமையலும் இருக்கிறது. உச்சி வெயில் நேரத்தில் சமைப்பதைத் தவிருங்கள், சமைக்கும் இடத்தின் கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்கிறது ஆணையம். வெளியே போகாதீர்கள் என்ற பகுதியை எல்லோரும் கவனிக்கிறோம். சமையலைப் பற்றிய இந்த வரியை நிறைய பேர் கவனிப்பதில்லை.

சமையலறை வெளியைவிட ஏன் சூடாக இருக்கிறது?

காஸ் அடுப்பின் வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. நல்ல அடுப்பாக இருந்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்தைச் சுற்றி வழிந்து அறைக்குள்தான் போகிறது. பழைய, அடைப்புள்ள பர்னர் என்றால் இன்னும் அதிகம்.

அடுத்தது நீராவி. சோறு, குழம்பு கொதிக்கும்போது காற்றில் ஈரப்பதம் ஏறுகிறது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர, ஆவியாகாது. சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற கடலோர நகரங்களில் 36 டிகிரியே தாங்க முடியாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

மூன்றாவது, தீ அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். போதாக்குறைக்கு ஃப்ரிட்ஜும் பெரும்பாலும் அதே அறையில் நின்று தன் பின்பக்கத்தால் சூட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இந்தச் சூட்டில் நிற்பது பெரும்பாலும் யார்? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு இதில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். சமையலறை வெப்பம் என்பது அதிகமாகப் பெண்களின் உடல்நலப் பிரச்னை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருந்தால் அவருக்கும் இது பொருந்தும்.

ஒவ்வொரு மாநிலமும் கோடையை எப்படிச் சமாளிக்கிறது?

ஏசி, ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்பே இந்தியச் சமையல் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: அடுப்பைக் குறைவாகப் பயன்படுத்து, தண்ணீரும் உப்பும் புளிப்பும் உடலுக்குள் போகட்டும்.

ஒடிசா: சோற்றில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கும் 'பகாளா'. நம் பழைய சோற்றின் அண்ணன் தம்பி. ஊறவைக்காமல் அன்றைய சோற்றில் தண்ணீர் விட்டுச் சாப்பிடுவது, தயிர் சேர்ப்பது என்று பல வகை உண்டு. தொட்டுக்கொள்ள வதக்கிய கீரை, உருளைக்கிழங்கு மசியல், வறுத்த மீன், நொறுக்கிய உளுந்து வடகம். மார்ச் 20-ஐ பகாளா தினமாகவே கொண்டாடுகிறார்கள். மேற்கு வங்கத்தில் இதே சோறு 'பாந்தா பாத்', சத்தீஸ்கரில் 'போரே பாசி'.

பீகார்: வறுத்த கடலை மாவான 'சத்து'. ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மாவு, உப்பு, வறுத்த சீரகத்தூள், எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். கலக்கினால் காலை உணவு தயார். அடுப்பே வேண்டாம். கிடைக்காத ஊரில் பொட்டுக்கடலையைப் பொடித்துக்கொண்டால் கிட்டத்தட்ட அதே சுவை வரும்.

ராஜஸ்தான்: கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்கவிட்டு, காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கும் 'ராப்'. நம் கம்பங்கூழை நினைத்துக்கொள்ளுங்கள்.

வட மாநிலங்கள் பலவற்றிலும்: மாங்காயை வேகவைத்து அல்லது சுட்டு, சதையைக் கரைத்துச் செய்யும் 'ஆம் பன்னா'.

கொங்கண், கோவா: கோகம் பழச்சாற்றில் தேங்காய்ப் பால் சேர்த்த 'சோல் கடி'. கர்நாடகா: ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய் சேர்த்த 'கோசம்பரி'. ராம நவமிக்குப் பானகம், நீர்மோருடன் இதையும் அங்கே கொடுப்பார்கள். வெயில் தொடங்கும் நேரத்தில் வரும் பண்டிகைக்கு எவ்வளவு பொருத்தமான பிரசாதம் என்று பாருங்கள்.

பழைய சோறு பாதுகாப்பானதா?

இங்கே ஒரு குழப்பம் வரலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் "பழைய உணவைச் சாப்பிடாதீர்கள்" என்கிறது. அதே ஆணையம் குடிக்கச் சொல்லும் பானங்களின் பட்டியலில் லஸ்ஸி, மோர், எலுமிச்சைச் சாறுடன் 'தோராணி'யும் இருக்கிறது. ஒடிசாவில் பகாளாவின் நீராகாரத்துக்குத்தான் அந்தப் பெயர். அப்படியானால் இது முரண்பாடா?

இல்லை. தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அந்தப் புளிப்பு, கெடுதல் செய்யும் பல நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்துகிறது. அப்படியே திறந்து கிடக்கும் குழம்பும் சோறும் வேறு கதை.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அரிசியில் இருக்கும் 'பேசில்லஸ் செரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால்:

• சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.
• குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.
• இரவு ஊறவைத்ததைக் காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வெளியே வைக்க வேண்டாம்.
• கொழகொழப்பு, நிறமாற்றம், கெட்ட வாடை இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.
• விருந்துக்கு வருபவர்களில் கர்ப்பிணிகள், முதியவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால், அன்று வடித்த சோற்றில் தயிரும் தண்ணீரும் சேர்த்த வகையே நல்லது.

எட்டு பேருக்கு விருந்து: எப்படித் திட்டமிடுவது?

மெனுவை முடிவு செய்யும்போது "என்ன செய்யலாம்?" என்று கேட்பதற்குப் பதில், "காலை 11-லிருந்து மாலை 4 வரை அடுப்பு எரியாமல் என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை தானாக மாறும். பொரிப்பது, ஒவ்வொன்றாகச் சுட்டெடுப்பது எல்லாம் முதலில் வெளியேறிவிடும். பூரிக்கும் பஜ்ஜிக்கும் டிசம்பர், ஜனவரி இருக்கவே இருக்கிறது.

மாதிரி மெனு இது: ஆம் பன்னா, கோசம்பரி, சென்னா சாட், தயிர் சாதம், பட்டாணி புலாவ், சுட்ட அப்பளம், ஸ்ரீகண்ட், நறுக்கிய மாம்பழம்.

சனிக்கிழமை மாலை, வெயில் இறங்கிய பிறகு: மூன்று நடுத்தர மாங்காய்களை (சுமார் அரை கிலோ) குக்கரில் வேகவைத்து, சதையை எடுத்து, வெல்லம், கறுப்பு உப்பு, வறுத்த சீரகத்தூள், புதினா சேர்த்து அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் சேர்த்தால் போதும். ஒன்றரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, கீழே ஒரு பாத்திரத்துடன் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் கோடையில் புளித்துவிடும். 400 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். மொத்தம் அடுப்பு எரிவது 20 நிமிடம்.

ஞாயிறு காலை 6 முதல் 7.30 வரை: கொண்டைக்கடலையைக் குக்கரில் வேகவையுங்கள். 300 கிராம் அரிசியைக் குழைய வேகவைத்து, ஆறியதும் பாலும் கொஞ்சம் தயிரும் விட்டுப் பிசைந்து, தாளித்துக் கொட்டி, அகலமான பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். கடலையும் ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். ஆறவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீருள்ள தட்டில் உட்காரவைத்தால் சீக்கிரம் ஆறும். அப்பளத்தையும் இப்போதே சுட்டு டப்பாவில் அடைத்துவிடலாம். இத்துடன் காஸ் அடுப்பின் வேலை முடிந்தது.

காலை 10.30: வடிந்த தயிரில் பொடித்த சர்க்கரை, ஏலக்காய், பாலில் ஊறிய குங்குமப்பூ கலந்து மறுபடி குளிரவையுங்கள். மாம்பழக் கூழ் கலந்தால் அது ஆம்ரகண்ட். 200 கிராம் பாசிப்பருப்பை ஊறப்போடுங்கள்.

மதியம் 12: எலக்ட்ரிக் குக்கரில் 400 கிராம் பாஸ்மதி அரிசி, பட்டாணி, மசாலா, தண்ணீர் சேர்த்து சுவிட்சைப் போடுங்கள். குக்கர் சமையலறையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. நிழலான பால்கனியிலோ, ஜன்னலோரத்திலோ வைத்தால் நீராவி வெளியே போய்விடும். சூடாக ஒன்றாவது வேண்டும் என்பவர்களுக்கு இது.

பரிமாறும் நேரம்: வடித்த பருப்பில் வெள்ளரி, தேங்காய், எலுமிச்சை, உப்பு சேர்த்தால் கோசம்பரி. உப்பை முன்கூட்டியே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும். கடலையில் வெங்காயம், தக்காளி, சாட் மசாலா கலந்தால் சாட். இந்த வேலைகளை ஹாலில் உட்கார்ந்து, வந்தவர்களோடு பேசிக்கொண்டே செய்யலாம்.

"என்னங்க, விருந்துக்கு வெறும் தயிர் சாதமா?" என்று யாராவது கேட்பார்களோ என்ற தயக்கம் பலருக்கு இருக்கும். வெயிலில் வந்தவருக்கு முதலில் ஒரு டம்ளர் குளிர்ந்த ஆம் பன்னா கொடுத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பண்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள்.

உணவு எத்தனை மணி நேரம் தாங்கும்?

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அறை வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. இந்தியக் கோடையில் ஏசி இல்லாத அறை என்றால் உங்கள் கணக்கு ஒரு மணி நேரம்தான்.

எனவே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைக்க வேண்டாம். பாதியை எடுத்து வையுங்கள், தீர்ந்ததும் மீதியை எடுங்கள். மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்த தயிர் சாதத்தை "ராத்திரிக்கு ஆகும்" என்று திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

கரன்ட் போனால்? கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். பால், தயிர், சமைத்த உணவு அதற்கு மேல் இருந்திருந்தால் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

தர்பூசணி, மாம்பழம் போன்றவற்றைத் தோலைக் கழுவிய பிறகே வெட்டுங்கள். வெட்டிய பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். தெருவில் வெட்டி வைத்த பழம் வேண்டாம். ஐஸ் கட்டியை வீட்டிலேயே, குடிநீரில் உறைய வையுங்கள். கால்சியம் கார்பைடு கொண்டு பழங்களைப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அளவோடு எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த மட்டுமே அனுமதி.

சாண்ட்விச், சாலட் செய்பவர்கள் பச்சை முட்டை சேர்த்த மயோனைஸைத் தவிர்க்க வேண்டும். தெலங்கானா 2024 அக்டோபரிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தன. கெட்டித் தயிரில் பூண்டு, மிளகு கலந்தால் அந்த இடத்தை அழகாக நிரப்பும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஆம் பன்னாவிலும் ஸ்ரீகண்டிலும் சர்க்கரை அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு உப்பு மோரோ, சத்து பானமோ கொடுக்கலாம். கறுப்பு உப்பும் உப்புதான். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மோர், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கு வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு என்பதே பெரியவர்களுக்கான வரம்பு.

சமைக்கும்போது தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் "இந்த ஒரு தாளிப்பு மட்டும்" என்று நிற்காதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள், தண்ணீர் குடியுங்கள், கழுத்தையும் கைகளையும் ஈரத் துணியால் துடையுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும் வரை உடலைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

விருந்தாளிகள் என்ன செய்யலாம்?

வருபவர்களும் கொஞ்சம் மாறலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக இரவு 7.30-க்கு வருகிறோம் என்று சொல்லலாம். "நான் தயிர் வடை கொண்டு வர்றேன், நீங்க செய்யாதீங்க" என்று முதல் நாளே போன் செய்யலாம். பயணம் அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் தயிர், பால் பண்டங்களை ஐஸ் வைத்த பையில் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் முழுப் பழங்கள் போதும். சாப்பிட்டு முடித்ததும் எட்டு பேர் தட்டையும் ஒருவரே கழுவ வேண்டியதில்லை. நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்பில் 88 நிமிடக்காரர்கள் எழுந்து சமையலறைக்குள் போகலாம்.

முதலில் பார்த்த அந்த டெல்லி வீட்டுக்குத் திரும்புவோம். அதே எட்டு பேர், அதே ஞாயிற்றுக்கிழமை. காலை 7.30-க்கு அடுப்பு அணைந்துவிட்டது. 1 மணிக்கு இலை போடும்போது ஒன்பதாவது தட்டும் கூடவே வைக்கப்படுகிறது. சமைத்தவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.